பழைய பிரவுசரில் வருபவரும் வாடிக்கையாளர்தான்!

சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் வடிவமைத்துத் தருவது என் தொழில். 2009ஆம் ஆண்டு எங்கள் ஊர் பாத்திரக் கடை அண்ணாச்சிக்கு ஒரு தளம் செய்து கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் பார்க்க அத்தனை அழகு. மீதிப் பணத்தை வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் அவரே தளத்தைத் திறந்தார். மேலே பெரிய சாம்பல் நிறக் கட்டம். "தம்பி, போன் நம்பர் எங்கே?" என்றார். அது கட்டத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது.

அவர் பயன்படுத்தியது 2001ல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6. பின்னணி தெரியும்படி அமைத்த பி.என்.ஜி. படங்களை அந்த பிரவுசர் சரியாகக் காட்டாது. தெரிய வேண்டிய இடத்தை ஒரு நிறத்தால் அடைத்துவிடும். 2006ல் வந்த 7ஆம் பதிப்பில்தான் இது சரியானது. நானோ பயர்பாக்ஸில் மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

"பிரவுசரை மாத்திருங்க அண்ணாச்சி" என்றேன். "நான் மாத்திருதேன் தம்பி. நம்ம கடையில சாமான் வாங்குற எல்லார் வீட்டுக்கும் போயி நீ மாத்தி விடுவியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தளத்தைத் திருத்திக் கொடுத்த பிறகுதான், மூன்று வாரம் கழித்து, மீதிப் பணம் கைக்கு வந்தது.

அந்த பிரவுசரின் காலம் முடிந்துவிட்டது. அதைக் கைவிடும்படி 2011ல் மைக்ரோசாப்ட் நிறுவனமே பிரசாரம் செய்தது. அந்த வரிசையில் கடைசியான 11ஆம் பதிப்பும் 2022 ஜூன் 15ல் ஓய்வு பெற்றது. ஆனால் பிரச்னை முடியவில்லை. விண்டோஸ் 7 உள்ள கம்ப்யூட்டரில், 2023 ஜனவரியில் வந்த குரோம் 109ஆம் பதிப்புக்கு மேல் போக முடியாது. அலுவலக கம்ப்யூட்டரில் புதிய சாப்ட்வேர் பதிய அனுமதி இல்லாதவர், பழைய கணக்கு சாப்ட்வேர் ஓட வேண்டுமே என்று தயங்குபவர், புதிது வாங்க வசதி இல்லாதவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

"அவர்களுக்காக நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?" என்று என் தொழில் நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லா பிரவுசரிலும் ஒரே அழகு தெரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடையின் பெயர், முகவரி, போன் நம்பர், விலை ஆகியவை எழுத்தாக எங்கும் தெரிய வேண்டும். அலங்காரம் அதற்குப் பிறகுதான். இது கஷ்டமான வேலையும் அல்ல. தோற்றத்தை முடிவு செய்யும் சி.எஸ்.எஸ். கட்டளைகளில் தனக்குப் புரியாததை பிரவுசர் தாண்டிப் போய்விடும். ஜாவா ஸ்கிரிப்ட் அப்படியல்ல. புரியாத ஒரு வரி இருந்தாலும் அந்த பைல் முழுவதும் இயங்காமல் நின்றுவிடலாம். எனவே, முக்கியமான தகவல்களை அதன் பொறுப்பில் விடக் கூடாது.

ஒரே இடத்தில் மட்டும் நான் விட்டுக் கொடுப்பதில்லை. அது பணம் செலுத்தும் பக்கம். டி.எல்.எஸ். 1.0, 1.1 என்ற பழைய பாதுகாப்பு முறைகளை முன்னணி பிரவுசர்கள் 2020ல் கைவிட்டன. பழைய பிரவுசருக்காக அவற்றைத் தொடர்ந்தால் வாடிக்கையாளரின் கார்டு எண்ணுக்குத்தான் ஆபத்து. அந்தப் பக்கத்தில் "பிரவுசரைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் இந்த எண்ணில் போன் செய்து ஆர்டர் கொடுங்கள்" என்று எழுதிவிடுகிறேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்களும் ஒன்று செய்யுங்கள். குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகள் மீது கிளிக் செய்து, ஹெல்ப் பிரிவில் 'அபவுட் கூகுள் குரோம்' என்பதைத் திறங்கள். புதிய பதிப்பு இருந்தால் தானே இறங்கும். பின்னர் ரீலாஞ்ச் பட்டனை அழுத்தினால் போதும். அதன் பிறகும் ஒரு கடையின் தளம் சரியாகத் தெரியவில்லை என்றால், தவறு உங்களுடையது என்று எண்ண வேண்டாம். கடைக்காரரிடம் சொல்லுங்கள். அண்ணாச்சி என்னைக் கேட்டது போல, அவர் தளம் செய்தவரைக் கேட்கட்டும்.