காலணாக் குறும்பு

குறும்பு செய்யும் பிள்ளைகளைப் பெரியோர் பலர் விரும்புவதில்லை. வாய் திறவாமல் மூலையில் அமர்ந்திருப்பவனே நல்ல பிள்ளை என்பது அவர்கள் கருத்து. அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. மூலையில் அமர்ந்திருந்த நல்ல பிள்ளை நான். ஊரார் குறும்பன் என்று ஏசிய பிள்ளை என் அண்ணன். ஆதலின் இதுபற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

தாமிரபரணிக் கரையில், திருவைகுண்டத்தை அடுத்த சிற்றூர் எங்களுடையது. அண்ணன் என்னினும் நான்கு ஆண்டு மூத்தவன். கரையிலுள்ள மருதமரத்தில் ஏறி ஆற்றில் குதிப்பான். திண்ணையில் உறங்கும் தாத்தாவின் ஊன்றுகோலை ஒளித்து வைப்பான். அவற்றையெல்லாம் விரித்தால் ஏடு இடங்கொடாது. ஒன்றை மட்டும் கூறுகிறேன்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நம் நாட்டில் புதிய நாணய முறை வந்தது. அதற்குமுன் ரூபாய்க்கு 16 அணா; அணாவுக்கு 4 காலணா. புதிய முறையிலோ ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் ஒருங்கே வழங்கின. ஓர் அணாவின் சரியான மதிப்பு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆதலால் ஆறு என்று கொண்டனர். காலணாவின் மதிப்பு ஒன்றரைக்குச் சற்று மேல்; அதனை இரண்டு என்று கொண்டனர். பெரியோர் இக்கணக்கில் மயங்கினர். பன்னிரண்டு வயது அண்ணனோ அதில் ஓர் ஓட்டையைக் கண்டான்.

தெருமுனையில் ஆச்சி ஒருவர் பெட்டிக்கடை வைத்திருந்தார். அண்ணன் அவரிடம் நான்கு காலணாக்களை வேளைக்கு ஒன்றாக மாற்றி, எட்டு நயா பைசா பெறுவான். மறுநாள் அவற்றுள் ஆறைக் கொடுத்து, “ஆச்சி, ஓர் அணாவுக்குக் காலணாவாகக் கொடுங்கள்” என்பான். நான்கு காலணாவும் மீண்டு வரும். இரண்டு நயா பைசா மிஞ்சும். மிஞ்சியதற்கு அதே கடையில் கருப்பட்டி மிட்டாய்! பாதி அவனுக்கு, பாதி எனக்கு.

பல நாள் இது நடந்தது. ஒரு மாலை ஆச்சி எங்கள் அன்னையாரிடம் வந்து, “கல்லாவில் காசு குறைகிறது, அம்மா. என் கண் மங்கிவிட்டது போலும். கடையை மூடிவிட எண்ணுகிறேன்” என்று வருந்தினார். அண்ணன் அதைக் கேட்டான். அன்றிரவு அவன் உண்ணவில்லை. விடிந்ததும் தந்தையாரிடம் தானே சென்று அனைத்தையும் கூறினான்.

பிரம்படி விழுந்தது. பின்னர் ஒரு மாதம் மாலைதோறும் ஆச்சியின் கடையில் அமர்ந்து கணக்கு எழுதினான். காலணாக்கள் நான்கு நான்காகவே மாற்றப்படும் என்று கரியால் பலகையில் எழுதி மாட்டியவனும் அவனே. கடை மூடப்படவில்லை.

பிரம்பு அவனைத் திருத்தியது என்றனர் ஊரார். நான் அவ்வாறு எண்ணவில்லை. முன்பு எத்தனையோ முறை அடிபட்டும் மறுநாளே மரம் ஏறியவன் அவன். ஊன்றுகோலை ஒளித்தபோது தாத்தாவும் உடன் சிரித்தார். காலணாவிலோ ஆச்சி தம் கண்ணையே நொந்துகொண்டார். அவ்வேறுபாட்டை எவரும் கற்பியாமலே அவன் உணர்ந்தான்.

“உன்னோடு மிட்டாய் தின்றவர் யார்?” என்று தந்தையார் கேட்டபோது, “நான் ஒருவனே” என்றான். “தம்பியைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்” என்று தந்தையார் கூறினார். கதவருகில் நின்றிருந்த நான் அப்பொழுதும் வாய் திறக்கவில்லை.