மோதிய காரை "சின்ன டச் அப்" என்று விற்பவர்களுக்கு

ஒரு ஹொண்டா சீஆர்-இசட்டோ மஸ்டா ஆர்எக்ஸ்-8ஓ முன்பக்கம் நசுங்கி கராஜுக்கு வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவுக்குச் செய்யலாம்?" அடுத்தது, "செஞ்சு வித்தா எவ்வளவு போகும்?" அந்த சீட்டில் அடுத்து உட்காரப் போகிறவனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதைத்தான் எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பம்பர், பொனட், ஹெட்லைட் போனதா? தாராளமாகச் செய்யுங்கள். செய்ததைச் சொல்லி வில்லுங்கள். அதில் பிழை இல்லை. நான் பேசுவது செசி வளைந்து, எயார் பேக் வெடித்த காரைப் பற்றி.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்காகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தலாம். அந்தச் சக்தியை உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கு வரவிடாமல், தான் மடிந்து வாங்கிக்கொள்வதற்காகத்தான் காரின் முன்பகுதி செய்யப்பட்டிருக்கிறது. ஒரு தடவை மடிந்ததைச் சூடுகாட்டி இழுத்து நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகும். ஆனால் உயர்வலு உருக்கு சூடுபட்டால் பழைய பலம் போய்விடும். அடுத்த மோதலில் அது எப்படி மடியும் என்று எந்த பாஸாலும் சொல்ல முடியாது. அதுவும் ஸ்போர்ட்ஸ் கார். வாங்குகிறவன் பள்ளிக்கூட வேன் ஓட்டவா வாங்குகிறான்? தெற்கு அதிவேகப் பாதையில் மிதித்துப் பார்க்கத்தான் வாங்குகிறான்.

எயார் பேக் கதை இதைவிட மோசம். என்னிடம் படித்த பொடியன் ஒருவன் இப்போது கராஜில் வேலை. அவன் சொன்னது: "சேர், புது பேக் போட்டா செலவு கூட. ஒரு ரெசிஸ்டர வெச்சா டேஷ் போர்ட் லைட் ஒழுங்கா பத்தி அணையும். மேல கவர ஒட்டிட்டா ஒருத்தருக்கும் தெரியாது." அதாவது ஸ்டியரிங்குக்குள்ளே ஒன்றுமில்லை. மோதலின்போது சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்ன வெடியும் ஒரு தடவைக்குத்தான். அதையும் மாற்றுவதில்லை. இதற்குப் பெயர் ரிப்பெயாரா?

இன்னொன்று பாருங்கள். ஜப்பானிலிருந்து கார் எடுக்கும்போது ஏலத் தாளைக் கேட்டு ஒற்றைக் காலில் நிற்கிறோம். அதில் கீறலுக்கும் குறி இருக்கிறது. விபத்தில் திருத்தியது என்றால் "ஆர்" என்று தரம் போடுகிறான். பிரித்தானியாவில் 2017 முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகை. ஏ என்றால் முழுதாக நசுக்க வேண்டும். பி என்றால் பாகங்களை மட்டும் கழற்றலாம், கார் ரோட்டுக்கு வரக் கூடாது. நமக்கு? இன்ஷுரன்ஸ் கம்பெனி டோட்டல் லொஸ் என்று காசைக் கொடுத்துவிட்டு, உடைந்ததை டெண்டரில் விற்கிறது. ஆறு மாதத்தில் அது "டொக்டர் பாவித்தது, ஒரு கீறலும் இல்லை" என்று விளம்பரத்தில் வருகிறது.

"நாட்டில கார் விலை தெரியாம பேசுறீங்க சேர்" என்பீர்கள். தெரியும். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடையில் பழைய காரெல்லாம் காணித் துண்டு விலைக்குப் போனது. இப்போதும் வரி கழுத்தை நெரிக்கிறது. ஆனால் விலை கூடியதால் வளைந்த இரும்புக்குப் பலம் கூடிவிட்டதா?

"கழிச்சுப் போடுறது வீண்விரயம்" என்று மார்க்கத்தையும் இழுப்பார்கள். யார் குப்பையில் போடச் சொன்னது? என்ஜின், கியர் பொக்ஸ், கதவு, சீட், ரிம் எல்லாம் பஞ்சிகாவத்தையில் காசு. பாகமாக வில்லுங்கள். மார்க்கம் பேசுவதென்றால் தானியக் குவியலையும் பேசுங்கள். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம். நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்துக் கண்டித்த சம்பவத்தை மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். மேலே பேர்ல் வைட் பெயின்ட், உள்ளே வளைந்த செசி என்றால் வேறு சட்டமா?

கார் வைத்திருப்பவர்களே, கழற்றிப் பார்க்காமல் எஸ்டிமேட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். வெளியே தெரிவது பாதிதான். செசியை அளந்து பாருங்கள். எயார் பேக், பெல்ட், சென்சர் எல்லாம் புதிதாகப் போடும் கணக்கையும் சேருங்கள். அப்போதும் கட்டுப்படியானால் செய்யுங்கள், பில்லை வைத்திருங்கள், வாங்குபவரின் கையில் கொடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் அந்தக் கார் முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாங்குகிற தம்பிமாரே, லைட் அணைந்ததை மட்டும் நம்பாதீர்கள். பொனட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட அடையாளம், முன் செசியில் புது வெல்டிங், இரண்டு ஹெட்லைட்டுக்கும் வேறு வேறு ஆண்டு: இவற்றைப் பாருங்கள். தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிப் போய் ஸ்டியரிங் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிறவனிடம் வாங்காதீர்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் ஒரு கோரிக்கை: டோட்டல் லொஸ் ஆன வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் அதை ஒரு வரியாக எழுதுங்கள். அந்த ஒரு வரி போதும், பாதி வியாபாரம் நின்றுவிடும்.