இறுக்கினால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

“அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது” என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சாணி கழன்ற தேர் நின்றுவிடும். எல்லோரும் அதைப் பழுது என்று ஒப்புக்கொள்வார்கள். ஸ்டியரிங் தளர்ந்த லாரியோ நிற்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்திலும் ஓடும். ஓடுகிற வண்டியைப் பழுது என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? “ஓடுதுல்ல, லேசா இறுக்கி விடு” என்பதே பட்டறை வாசலில் நாள்தோறும் கேட்கும் பேச்சு.

நான் சொல்ல வருவது இதுதான். தளர்ந்த ஸ்டியரிங்கை இறுக்கி அனுப்புவது பழுதுபார்ப்பு ஆகாது. ஆட்டம் எவ்வளவு என்று அளந்து, எந்த இடத்தில் என்று தேடி, தேய்ந்ததை மாற்றுவதே பழுதுபார்ப்பு.

மேலை நாடுகளில் பழைய வேன்களை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, அதையே வீடாக்கி ஊர் சுற்றுவோர் உண்டு. மோட்டார் வீடு என்று அதைச் சொல்லலாம். நம் பக்கத்திலும் அப்படி ஒரு வண்டி புகழ்பெற்றது. 1982 மார்ச் 29இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி. ராமராவ், பழைய செவ்ரோலெட் வேன் ஒன்றை மாற்றியமைத்து, ‘சைதன்ய ரதம்’ எனப் பெயரிட்டு, ஆந்திரம் முழுவதும் சுற்றினார். மகன் ஹரிகிருஷ்ணா வண்டியை ஓட்டினார். வண்டிதான் மேடை, உணவும் உறக்கமும் அதிலேதான். 1983 ஜனவரியில் அவர் முதலமைச்சரானார். அந்த ரதத்தின் மேல் நின்று பேசியவரை நாடு கண்டது. ஆனால் மேலே நின்றவரின் உயிர், கீழே ஒரு கம்பியின் முனையில் செருகியிருந்த சிறிய பின்னை நம்பியன்றோ இருந்தது?

ஆந்திர எல்லையை ஒட்டிய நம் கும்மிடிப்பூண்டியில் அப்படிப்பட்ட மோட்டார் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் லாரி. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பழைய இரும்பு கொண்டு வந்து, முறுக்குக் கம்பி ஏற்றிச் செல்லும் லாரிகளை ஜி.என்.டி. சாலையோரம் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகை, கண்ணாடியோரம் சாமி படம், கயிற்றில் காயும் லுங்கி, வண்டி நிழலில் ஸ்டவ். லோடு கிடைக்கும் வரை ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் அதுவே வீடு. என் தந்தையார் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் அவருக்கு முகவரி ஒரு வண்டி எண்தான். எனவே இப்பொருள் எனக்கு வெறும் இயந்திரப் பாடம் அன்று.

ஸ்டியரிங் என்பது வட்டச் சக்கரம் மட்டும் அன்று. அது ஒரு சங்கிலி. கையில் பிடிக்கும் சக்கரத்திலிருந்து காலம் எனப்படும் தண்டு இறங்குகிறது. தண்டின் அடியில் கியர் பாக்ஸ். அதிலிருந்து டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு, கடைசியில் முன்சக்கரம் திரும்பும் கிங் பின். கணு ஒவ்வொன்றிலும் ஒரு புஷ்ஷோ பேரிங்கோ பந்து மூட்டோ இருக்கிறது. ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்தாலும் எல்லாம் கூடி ஓட்டுநரின் கைக்கு வரும்போது பெரிய ஆட்டமாகிவிடும். பல இடத்துத் தவறு ஓரிடத்தில் தெரிகிறது. அதனாலேயே நாம் ஏமாறுகிறோம்.

நல்ல மெக்கானிக் இதை எப்படித் தேடுகிறார்? ஒருவர் மேலே அமர்ந்து சக்கரத்தை இப்படியும் அப்படியும் மெல்ல அசைக்க, மற்றவர் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பார்க்கிறார். மூட்டின் இந்தப் பக்கம் அசைந்து, அந்தப் பக்கம் அசையாமல் நின்றால் அங்கேதான் தேய்மானம். பிறகு ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் புஷ்ஷின் நிலையும் பேரிங்கின் நிலையும் தெரியும். இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராடின் நிலை தெரியும். ஸ்டியரிங் சக்கரமே மேலும் கீழும் ஆடினால் காலத்தின் மேல் புஷ் தேய்ந்திருக்கலாம். காலத்தைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட்டும் தளர்ந்திருக்கலாம். அந்தப் போல்ட்டு தளர்ந்திருந்தால் மட்டும் இறுக்கினால் தீரும். இறுக்கித் தீரும் பழுதும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தேடிய பிறகு இறுக்கு என்பதே என் வாதம்.

தேடாமல் இறுக்கினால் என்ன கேடு? கியர் பாக்ஸின் மேல் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் ஆட்டம் குறையும். ஆனால் நெடுஞ்சாலை வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், கியரின் நடுப்பகுதிதான் அதிகம் தேய்கிறது. இரு ஓரமும் அவ்வளவாகத் தேய்வதில்லை. நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க இறுக்கினால், வளைவில் திருப்பும்போது ஓரத்துப் பற்கள் பிடித்துக்கொள்ளும். திரும்பிய சக்கரம் தானே நேருக்கு வராது. ஆட்டம் போனது என்று மகிழ்ந்தவர், வளைவில் கை இறுகித் தவிப்பார். கிங் பின் தேய்மானத்தைக் கியர் பாக்ஸில் இறுக்குவதோ, வயிற்று வலிக்குத் தலையில் பற்றுப் போடுவது போன்றது.

சட்டம் இதை அறியாததன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கலாகாது என்கிறது. பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி வேண்டும். போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. 30 டிகிரி என்றால் எவ்வளவு? 50 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 157 செ.மீ. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 13 செ.மீ. அதாவது அரைச் சாணுக்கும் மேல்! அவ்வளவு தூரம் கை சுழன்றும் முன்சக்கரம் அசையவில்லை என்றால் அதுவே சட்டத்தின் கடைசி எல்லை. நல்ல மெக்கானிக் அதுவரை காத்திருப்பதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. அது நேர்க்கோட்டிலிருந்து 3 டிகிரி விலகினால், அந்த ஒரு நொடியில் பக்கவாட்டில் ஏறத்தாழ 87 செ.மீ. நகர்ந்துவிடும். ஷிப்ட் முடிந்து சாலையோரம் சைக்கிளில் வருபவருக்கும் லாரிக்கும் இடையே அவ்வளவு இடம் இருக்குமா?

“செலவை யார் தருவது?” என்று உரிமையாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். புஷ் மாற்றினால் உறுப்பின் விலையோடு லேத் கூலியும், வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பும் சேரும். ஆனால் பெயிண்டுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பணம் கிடைக்கிறதே! உறுப்பு கிடைக்காத ஊரும் அன்று இது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்ற நிறுவனம் எண்ணூரில் இருக்கிறது. 1929இல் மோட்டார் வணிகமாகத் தொடங்கிய ராணே குழுமம் சென்னையிலிருந்து ஸ்டியரிங் உறுப்புகளைச் செய்கிறது. பவர் ஸ்டியரிங் வந்துவிட்டதே என்பாரும் உண்டு. அது கையின் பாரத்தைக் குறைக்கும். கிங் பின்னையும் டை ராடையும் தேயாமல் காக்காது.

எனக்கு உண்மையான வருத்தம் மெக்கானிக்குகளின் நிலை பற்றியது. எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில், “புஷ் மாத்தாம வண்டியை எடுக்காதீங்க முதலாளி” என்று சொன்ன அண்ணனிடம், “நீ இல்லேன்னா ஊர்ல வேற ஆளில்லையா?” என்று சொல்லி வண்டியை எடுத்துப் போனதைக் கண்ணால் கண்டேன். உண்மை சொன்னவருக்கு அன்றைய கூலி போயிற்று. இறுக்கிக் கொடுத்த வேறொருவருக்குக் கிடைத்திருக்கும். எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை தகுதிச் சான்று வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நாள் போக, மீதி 364 நாளும் அந்த வண்டியின் தகுதியைக் காப்பவர் யார்? பட்டறையில் கிரீஸ் படிந்த கையோடு நிற்கும் அந்த அண்ணன்தான்.

அவர் சொல்லுக்கு மதிப்பு வர வேண்டுமானால் அது எழுத்தில் வர வேண்டும். வண்டிகள் திரும்பும் முறைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ‘அக்கர்மன்’. உண்மையில் அதை அமைத்தவர் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர். 1818இல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை பெற்றுக் கொடுத்த முகவரே அக்கர்மன். செய்தவர் பெயர் மறைந்தது. எழுதிப் பதிந்தவர் பெயர் நின்றது. நம் பட்டறைகளிலும் அறிவு இருக்கிறது, எழுத்துத்தான் இல்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, ஒரு யோசனை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை லாரி நிறுத்தத்துக்கு ஒதுக்குவோம். ஸ்டியரிங் விளிம்பில் ஒட்ட ஒரு தாள் நாடாவும் ஓர் அளவுகோலும் போதும். ஆட்டம் இத்தனை செ.மீ., தேய்மானம் இந்த மூட்டில் என்று மெக்கானிக் சொல்ல நாம் எழுதிச் சீட்டாகக் கொடுப்போம். “லேசா ஆடுது” என்ற பேச்சை மறுக்கலாம், 15 செ.மீ. என்ற எண்ணை எப்படி மறுப்பது? படித்த நாம் அவர்களுக்குக் கற்பிக்கப் போகவில்லை. அவர்கள் அறிந்ததற்கு எண் கொடுக்கப் போகிறோம்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளின் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுபவர்களே அதைத் திருப்புகிறார்கள்; நிறுத்துகிறார்கள். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருந்தாலும், கட்டை போடுபவர் கையைக் காட்டினால் வடம் நிற்கிறது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்பது வசைச்சொல். தேர் வீதியில் அது காவல். “வண்டி நிற்கட்டும்” என்று சொல்லும் மெக்கானிக்குக்கும் அந்த மரியாதையை நாம் கொடுக்க வேண்டும்.