கோடிட்ட இடம்

வைகாசி கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் அலுவலகப் படியேறி வந்தார். மஞ்சள் பையில் பழைய பத்திரங்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் பளபளவென்று அச்சிட்ட ஆறு பக்கம். அப்பா வாங்கிய மனையை அவரும் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், மூலப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்துக் கிரயப் பத்திரத்தையே எழுத வைத்து அனுப்பிவிட்டான்.

"எல்லாம் முடிஞ்சுது வக்கீலம்மா. ஒரு தடவ பாத்துட்டு சரின்னு சொன்னீங்கன்னா போதும்" என்றார். எழுத்துக் கூலி மிச்சம் என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு ஒன்பது ரூபாயை அரசுக்குக் கட்டப் போகிறோம். மிச்சம் பிடிப்பது மட்டும் எழுதுகிறவரிடம். இது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான், ஆசிரியரைச் சொல்லிக் குற்றமில்லை.

வாசித்தேன். தமிழ் நன்றாக இருந்தது. என் ஜூனியர்கள் எழுதுவதைவிட நன்றாகவே இருந்தது என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சந்திப்பிழை கிடையாது. எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், கிரயத் தொகை, சுவாதீனம் எல்லாம் அததன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. சொத்து விவரத்துக்கு வந்தபோதுதான் சிரித்துவிட்டேன்.

மூலப் பத்திரம் 1964-ல் எழுதியது. அதில் "கீழ்மேல் ஜாதியடி 40, தென்வடல் ஜாதியடி 72" என்று இருக்கிறது. கீழ்மேல் என்றால் கிழக்கு மேற்காக. ஜாதியடி என்பது பத்திர பாஷையில் அளவு அடி, அவ்வளவுதான். ஏஐ அதைக் "கீழிருந்து மேலாக 40 அடி" என்று எழுதியிருந்தது. ஆசிரியரின் காலி மனைக்கு நாற்பது அடி உயரம் வந்துவிட்டது. "ஜாதி"யைப் பார்த்து மிரண்டு போயிருக்க வேண்டும். சாதியைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டுள்ளது என்று பணிவாக ஒரு குறிப்பு வேறு. ஆங்கிலத் தீர்ப்புகளில் "லீவ் கிராண்டட்" என்று வருவதை, மேல்முறையீட்டுக்கு அனுமதி என்பதை, இந்தியில் "விடுமுறை அளிக்கப்பட்டது" என்று மொழிபெயர்த்த மென்பொருளைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் சொன்ன கதை உண்டு. இதுவும் அந்த வகைதான்.

இந்த மாதிரி பிழை ஆபத்தில்லை. பார்த்த உடனே தெரிந்துவிடும், சிரித்துவிட்டுத் திருத்தலாம். ஆபத்து அதற்கு இரண்டு வரி கீழே இருந்தது. நான்கெல்லையில் "மேற்கு: பொதுப் பாதை" என்று போட்டிருந்தது. மூலப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். மேற்கு எல்லை எழுதியிருந்த ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. அங்கே எழுத்தே இல்லை. வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் மேற்கே ஓடுவது வாய்க்கால். வாய்க்கால் புறம்போக்கு. பாதையாவது, ஒன்றாவது.

எங்கிருந்து வந்தது அந்தப் பாதை? ஊரில் உள்ள பத்து மனையில் ஆறு மனைக்கு ஒரு பக்கம் பாதை இருக்கும். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பத்திரங்களைப் படித்த இயந்திரம், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று கேட்பார்களே, தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவிட்டு வா, ஒரு மார்க் கிடைத்தாலும் கிடைக்கும் என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்களே, அந்தப் பிள்ளைதான் இது. எதையும் காலியாக விடத் தெரியாது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு பெரியவர் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். எட்டாவதுதான் படித்தவர். "நிதி நிட்சேப ஜல தரு பாஷாணம்" என்று அவர் பேனா ஓட ஆரம்பித்தால் நிற்காது. ஆனால் சர்வே நம்பர் வரும் இடத்தில், எல்லை வரும் இடத்தில், பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுப்பார். ஒரு கோடு. "போய் வி.ஏ.ஓ.வக் கேட்டுட்டு வா. நீ சொல்ற நம்பர நான் எழுத மாட்டேன்" என்பார். சில நாள் ஒரே பத்திரத்தில் ஏழெட்டுக் கோடு இருக்கும். கட்சிக்காரர் இரண்டு முறை அலைவார், திட்டுவார். சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரம் வேண்டும் என்று 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ம் பிரிவு சொல்வதை அவர் படித்திருப்பாரா தெரியாது. பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டுமானால் இரண்டு தரப்பும் மறுபடி வந்து நிற்க வேண்டும், அதற்குள் ஒருவர் செத்திருப்பார் அல்லது சண்டை போட்டிருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

ஏஐ இப்படிக் கோடிட்ட இடத்தை நிரப்பும் கதை பெரிய ஊர்களிலும் இதுதான். நியூயார்க்கில் ஒரு பயணி, 2019-ல் விமானத்தில் சாப்பாட்டு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஏவியான்கா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல் சாட்ஜிபிடியிடம் முன்தீர்ப்புகள் கேட்டார். கிடைத்தது. வர்கீஸ் என்பவர் சீனா சதர்ன் ஏர்லைன்ஸ் மேல் போட்ட வழக்கு என்று ஒன்று அதில். அப்படி ஒரு வழக்கு உலகத்தில் கிடையாது. சந்தேகப்பட்டு, இது நிஜ வழக்குதானா என்று வக்கீல் அதனிடமே கேட்டிருக்கிறார். அதுவும் நிஜம்தான் என்றிருக்கிறது. திருடனிடமே சாட்சி கேட்டது போல. 2023 ஜூனில் நீதிபதி கெவின் கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். நம் பக்கம் 2024 டிசம்பரில், பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு ஒன்று, எங்கும் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியது தெரிந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் பெயரிலும் ஒன்று அதில் இருந்தது. கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழமை நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கையே வகுத்துவிட்டது: தீர்ப்பு, உத்தரவு, முடிவு எதற்கும் ஏஐ கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகு, நானும் ஏஐ வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். வைத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கச் சொல்வதற்கு.

போன வருடம் ஒரு வீட்டுக் கடனுக்கு வில்லங்கம் பார்க்க வேண்டியிருந்தது. நாற்பது வருடப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று மட்டும் பதினெட்டுப் பக்கம். இரவு ஒன்பது மணி, கண் எரிகிறது. கணினியில் தட்டச்சான பக்கங்களைக் கட்சிக்காரரின் சம்மதத்தோடு, பெயர்களை அழித்துவிட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் வருடவாரியாக அட்டவணை போட்டுவிட்டு, 1987-ல் ஒரு அடமானம் இருக்கிறது, அதற்கு ரத்து ரசீது எங்கும் காணவில்லை என்றது. நான் இரண்டு முறை படித்தும் விட்டது அது. நிஜமாகவே காணவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் கடன் கிடைத்தது. 11-ம் பக்கத்தில் மூன்று வருடம் காலி செய்யக் கூடாது என்றும் 38-ம் பக்கத்தில் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்றும் எழுதிய கடை வாடகை ஒப்பந்தங்களை அது விடுவதே இல்லை. களைப்பு கிடையாது, நடுவில் டீ கிடையாது. இந்த வேலைக்கு அதை மிஞ்ச என்னால் முடியாது. கையெழுத்துப் பத்திரம் என்றால் மட்டும் தடுமாறும்.

எழுதச் சொன்னால்தான் வம்பு. வாடகை ஒப்பந்தம் கேளுங்கள், அழகாக "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்று ஆரம்பிக்கும். அது மகாராஷ்டிரத்து வழக்கம். 11 மாதம் என்று போடும். ஓராண்டைத் தாண்டிய குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதற்காக வந்த பழைய தந்திரம் அது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில் 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதை, நாமாகக் கேட்டால் ஒழியச் சொல்லாது. முன்பணம் பத்து மாதம் என்று போடும், ஊரில் எல்லோரும் அப்படித்தானே எழுதியிருக்கிறார்கள். வேறாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைதான் என்கிறது சட்டம். என் ஜூனியர் ஏஐயை வைத்து எழுதிய புகார் ஒன்றில், 2024 கடைசியில் நடந்த மோசடிக்கு இந்திய தண்டனைச் சட்டம் 420 என்று இருந்தது. அந்தச் சட்டமே அந்த ஜூலை 1-ம் தேதியோடு போய்விட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318. நாலு இருபது என்ற எண் நம் ஊர் வசவிலேயே ஏறிவிட்டதால் மனிதர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஒரு எண் தப்பினால் என்ன ஆகும் என்பவர்களுக்காக: 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு காசோலை வழக்கு. காசோலை 1 கோடிக்கு. வக்கீல் நோட்டீஸில் 2 கோடி என்று போய்விட்டது. தட்டச்சுப் பிழை என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை, நோட்டீஸே செல்லாது, வழக்கும் போயிற்று. அதை மனிதர்தான் தட்டியிருப்பார். ஆனால் நீங்களும் நானும் தட்டும்போது எண் வரும் இடத்தில் கை கொஞ்சம் நடுங்கும். இயந்திரம் எண்ணையும் "மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்பதையும் ஒரே வேகத்தில் எழுதுகிறது.

அதனால் இப்போது ஜூனியர்களிடம் ஒரு வழி சொல்லியிருக்கிறேன். எழுத வைக்கும் முன் இந்த வாசகத்தைப் போடுங்கள்: "கொடுத்த காகிதத்தில் இல்லாத எதையும் நீயாக நிரப்பாதே, கோடு போட்டு விடு. எழுதிய ஒவ்வொரு விவரத்துக்கும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்." ஆசிரியரின் பத்திரத்தை அப்படி மறுபடி எழுத வைத்தோம். பத்தொன்பது கோடு வந்தது. "இதுக்கு எதுக்கு மேடம் ஏஐ, பாதிய காலியா விட்ருக்கு" என்று ஜூனியருக்கு ஏமாற்றம். எனக்குப் பெரியவரின் பென்சில் ஞாபகம் வந்தது. அந்தப் பத்தொன்பதும்தான் அந்த வாரத்து வேலை. அப்போதும் ஓரிடத்தில் அது பட்டா எண்ணைத் தானாக யோசித்துப் போட்டிருந்தது. பக்கம் சொல்லச் சொன்னதால் மாட்டிக்கொண்டது.

இன்னொன்று. வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132-ம் பிரிவு. இலவச ஏஐயிடம் சொன்னதற்கு அது இல்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு எண்ணோடு பத்திரத்தை அப்படியே போட்டோ எடுத்து ஏற்றாதீர்கள். ஆசிரியரின் மகன் ஏற்றியிருந்தான், சாட்சிகளின் ஆதார் உட்பட.

எல்லைகளைச் சரிசெய்து முடித்த அன்று சாயங்காலம் ஆசிரியரிடம் கேட்டேன். கோடு போட்ட இடத்தில் இல்லாத கேள்வி.

"அப்பா எப்போ தவறினாங்க?"

"தொண்ணூத்தெட்டுல."

"உயில் எழுதினாங்களா?"

"இல்லம்மா."

"நீங்களும் தம்பியும் மட்டும்தானா? கூடப் பொறந்த பொண்ணுங்க?"

மின்விசிறியைப் பார்த்தார். மஞ்சள் பையின் காதைச் சுருட்டினார். "ஒரு தங்கச்சி இருக்கு. அது அதுவா ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டுப் போயிடுச்சு. முப்பது வருஷமாப் பேச்சு இல்ல."

இயந்திரத்தின் மேல் இதில் தப்பில்லை. விற்பவர்கள் இரண்டு பேர் என்று சொன்னார்கள், இரண்டு பேர் என்று எழுதியது. எந்தக் காகிதத்திலும் அந்தப் பெண்ணின் பெயர் கிடையாது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் மகன்களோடு சமபங்கு என்பது 1956-லிருந்து சட்டம். அந்தக் கையெழுத்து இல்லாமல் பத்திரம் பதிவாகியிருந்தால், வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் என்றாவது ஒரு நாள் சிவில் கோர்ட்டில் என்னைப் போன்ற ஒருத்தியைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஆசிரியர் யார் யாரிடமோ கேட்டு, ஓசூரில் இருக்கும் தங்கையின் நம்பரை வாங்கிவிட்டார். முதலில் தம்பிதான் பேசினாராம், அப்புறம் இவர். கையெழுத்துப் போட வருகிறேன், பங்கைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம், ஆடி கழியட்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். கிரயம் இன்னும் பதிவாகவில்லை.