பிள்ளைகள் படமும் நடுவர் கண்ணும்

ஓவியப் போட்டியின் முடிவு வெளியான மறுநாளே நம்மிடம் ஒரு வினா வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. "எங்கள் பிள்ளையின் படத்தில் என்ன குறை?" என்பதே அவ்வினா. கேட்கும் பெற்றோரின் குரலில் வருத்தமும் இருக்கும். சிறிது சினமும் இருக்கும். அது இயற்கையே. இரவு வெகுநேரம் விழித்திருந்து பிள்ளை தீட்டிய படம் வெறுங்கையோடு வீடு திரும்பினால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? ஆகவே, எண்ணெய்ப் பாஸ்டல் படங்களை நடுவர்கள் எவ்வாறு நோக்குகின்றனர், எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பது பற்றி இத்திங்கள் எழுதக் கருதினோம்.

அந்த வண்ணக் குச்சி பிறந்த கதையிலேயே நம் வினாவுக்குப் பாதி விடை இருக்கிறது. யமமோட்டோ கனாயே என்னும் ஜப்பானிய ஓவியர் 1916-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் மாஸ்கோவில் தங்கினார். அங்கே குழந்தைகள் வரைந்த படங்களைக் கண்டு வியந்தார். அந்நாளைய ஜப்பானியப் பள்ளிகளில் அச்சிட்ட மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான் ஓவியப் பாடம். மாதிரியை எவன் நெருங்கினானோ அவனே கெட்டிக்காரன். யமமோட்டோ இதனை மாற்ற விரும்பினார். 1919-இல் நாகானோ பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், பிள்ளைகள் தம் கண்ணால் கண்டு தாமே வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். அவ்வியக்கம் நாடெங்கும் பரவியபோது, பிள்ளைகளின் கைக்கு ஏற்ற, அடர்ந்த நிறம் தரும் குச்சி ஒன்று தேவைப்பட்டது. சகுரா நிறுவனத்தார் 1920-களின் நடுவில் நிறப்பொடியோடு மெழுகும் எண்ணெயும் கூட்டி அதனைச் செய்தனர். தொடக்கத்தில் வேனிலுக்குக் கடினமாக ஒரு வகை, குளிர்காலத்துக்கு மென்மையாக ஒரு வகை என இரண்டு விற்றார்களாம்! நம் சித்திரை வெயிலில் குச்சி குழைந்துபோன பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பின்னர் 1949-இல் பாரிசு நகரத்துச் சென்னலியே என்னும் வண்ண வணிகர், பிக்காசோவின் வேண்டுகோளின்பேரில் தேர்ந்த ஓவியர்களுக்கு உரிய எண்ணெய்ப் பாஸ்டலைச் செய்து கொடுத்தார். அதே 1949-இல்தான் டில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அது பிற நாட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடப்பட்டது.

மாதிரியைப் பார்த்து எழுதும் வழக்கத்தை எதிர்த்துப் பிறந்த குச்சியைக் கொண்டு நம் பிள்ளைகள் இன்று என்ன வரைகின்றனர்? இரண்டு முக்கோண மலைகள், நடுவே எழும் ஞாயிறு, கீழே ஓர் ஆறு, கரையில் ஓலைக் குடிசை, சாய்ந்த தென்னை. எந்தப் போட்டிக்குச் சென்றாலும் இப்படம் பத்தில் நான்காவது வந்துவிடும். தங்கவயலில் ஆறு எங்கே ஓடுகிறது? ஓவிய வகுப்பில் ஒருவர் கற்பிக்க, மற்றவர் அதனைப் படியெடுக்க, அவ்வாறே அது வளர்ந்து நிற்கிறது. பிள்ளைகளைக் குறை கூறோம். அப்படத்துக்குப் பரிசு கொடுத்துப் பழக்கியவர் நடுவர்களே.

இனி நடுவர் மேசைக்கு வருவோம். முறையாக நடக்கும் தேர்வில் பெயர் மறைக்கப்பட்டு எண் மட்டும் இருக்கும். முதலில் எல்லாப் படங்களையும் தரையில் பரப்பி, நின்று பார்க்கவேண்டும். தொலைவிலிருந்தே கண்ணை இழுப்பது எது என்பது அப்போதுதான் தெரியும். பிறகு அருகே சென்று கைவேலையைப் பார்க்கவேண்டும். எண்ணெய்ப் பாஸ்டல் பொய் சொல்லாத பொருள். அழுத்திய இடமும் அஞ்சித் தடவிய இடமும் அப்படியே தெரியும். ஒரு நிறத்தின்மேல் மற்றொன்றை ஏற்றியிருக்கிறானா, விரலால் குழைத்தே எல்லாவற்றையும் மழுக்கிவிட்டானா, தாளின் வெண்மையை வேண்டுமென்றே விட்டானா, நேரமின்றி விட்டானா என்பதெல்லாம் புலப்படும். மேல்நிறத்தை ஊசியால் கீறி அடிநிறத்தை வெளிக்கொணர்தல் இதற்கே உரிய அழகு. பெரியவர் கை பட்டதும் தெரியும்: கோடு ஓவிய ஆசிரியருடையதாகவும் நிறம் ஏழு வயதுக் குழந்தையுடையதாகவும் இருக்கும். இதனைப் பெற்றோர் மனத்திற் கொள்வது நலம்.

மதிப்பெண் போட்டுக் கூட்டும் வழக்கம் பற்றி நமக்கு ஐயம் உண்டு. மூன்று நடுவர் ஒரு படத்துக்கு ஏழு ஏழாக அளித்தால் இருபத்தொன்று. மற்றொரு படத்தை ஒருவர் வியந்து பத்து அளிக்கிறார், அடுத்தவர் ஆறு, மூன்றாமவர் நான்கு. கூட்டினால் இருபது. எவரும் வெறுக்காத படம் வென்றது. ஒருவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட படம் தோற்றது. கணக்கில் பிழையில்லை. ஆயினும் இதனைத் தேர்வு என்பதா? 1863-இல் பாரிசு நகரத்துப் பெருங்காட்சியின் நடுவர்கள் பாதிக்கு மேற்பட்ட படங்களைத் தள்ளினர். கூக்குரல் எழவே, மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்ட படங்களுக்கெனத் தனிக் காட்சி அமைக்கச் செய்தான். இன்று உலகம் போற்றும் மானேயின் படமொன்று அங்கேதான் தொங்கியது. கூடிப் பேசி, மாறுபட்டு, ஒருவரையொருவர் இணங்கச் செய்து முடிவு காண்பதே நம் கருத்தில் மேலான முறை. நேரம் மிகும், மிகட்டும்.

நாம் அமர்ந்திருந்த ஒரு தேர்வில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். ஒரு படத்தில் வெளிறிய மொட்டைக் குன்று. பக்கத்தில் சுரங்க வாயின் இரும்புக் கோபுரம், சக்கரம் உண்டு, கயிறு இல்லை. அடியில் லைன் வீடுகள் சில. பச்சை ஒரு துளியும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த நடுவர் "நிறம் போதவில்லை, குழந்தை மனத்துக்குரிய மகிழ்ச்சியும் இல்லை" என்றார். அந்தக் குன்று தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் என்றும், அதன் நிறமே அதுதான் என்றும் நாம் விளக்கினோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பிறந்த குழந்தை அது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஓடாத சக்கரம்தான் தெரியும்.

அந்நடுவர் விடவில்லை. "ஊரறிந்தவருக்கு மட்டுமே பொருள்படும் படம் நல்ல படமாகுமா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. ஊர்ப்பற்றினால் பரிசு கொடுப்பதும் ஒருவகை ஓரவஞ்சனையே. எனவே குன்றின் கதையை விட்டுக் குன்றையே பார்க்குமாறு வேண்டினோம். அடியில் மஞ்சட்காவி, அதன்மேல் சாம்பல் நிறம், மழைநீர் அரித்த ஓடைகளை நகத்தாலோ ஊசியாலோ கீறி, காவி தெரியச் செய்திருந்தது குழந்தை. வானத்தை அழுத்தித் தேய்த்துக் கனமாக்கியிருந்தது. இவற்றை அறிய எவரும் தங்கவயலில் பிறந்திருக்கவேண்டியதில்லை. அவரும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். தம் மதிப்பெண்ணை உயர்த்தினார். முதற்பரிசு கிடைக்கவில்லை, மூன்றாம் இடமே கிடைத்தது. கூட்டல் அப்படி அமைந்தது. முதற்பரிசு பெற்றது எது என்கிறீர்களா? தென்னையும் ஆறும்தான்.

படம் அனுப்புவோர்க்கு இரண்டொரு குறிப்புகள். எண்ணெய்ப் பாஸ்டல் என்றும் முற்றக் காய்வதில்லை. சுருட்டி அனுப்பினால் ஒட்டிக்கொள்ளும். மேலே வழவழப்பான வெண்ணெய்த்தாள் வைத்து, இரு அட்டைகளுக்கு இடையே தட்டையாக அனுப்புக. கண்ணாடிச் சட்டமிட்டால், கண்ணாடி படத்தைத் தொடாதவாறு ஓரத்தில் அட்டை கொடுக்கவேண்டும். பெயரும் வயதும் படத்தின் பின்புறம் எழுதுக. முன்புறம் எழுதினால் நடுவர் கண்ணில் பட்டுவிடும்.