இரு படங்களுக்கு நடுவே சாகும் பெண்கள்

எடுக்கப்படாத படங்களைப் பற்றிப் பேசுவது வெட்டி வேலை என்பார்கள். எடுத்த படங்களைப் பற்றிப் பேசவே ஆயிரம் இருக்கும்போது, ஹாலிவுட் ஸ்டுடியோவின் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் திரைக்கதைகளால் நமக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தொழிலின் அரசியலை அது எதைச் செய்தது என்பதில் பாதிதான் படிக்க முடியும். மீதிப் பாதி, அது எதைத் தொடங்கிவிட்டுக் கைகழுவியது என்பதில் இருக்கிறது. ‘ஏலியன்’ வரிசையில் எடுக்கப்படாமல் போன படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அவற்றில் பலவற்றின் அடியில் ஒரு பெண் புதைக்கப்பட்டிருக்கிறாள்.

படங்களைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய முதல் படத்தில், சரக்கு விண்கலம் ஒன்றின் ஏழு பணியாளர்களில் எலன் ரிப்ளி என்ற பெண் மட்டும் உயிர் பிழைக்கிறாள். சிகர்னி வீவர் நடித்தார். அப்போது அவருக்கு வயது 29. எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்ற குறிப்போடு எழுதப்பட்ட திரைக்கதை அது. அதனால்தானோ என்னவோ, ரிப்ளி யாருடைய மனைவியாகவும் காதலியாகவும் இல்லாமல், வேலை தெரிந்த ஓர் அதிகாரியாக மட்டும் திரையில் நடமாடினாள். உலகம் முழுக்கப் பெண்ணியத் திரை விமர்சனம் அவளைக் கொண்டாடியது. கொண்டாட்டத்தில் குறையில்லை. நான் பேசவிருப்பது அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரவேண்டியிருந்தவர்களைப் பற்றி.

முதலில் வரவேண்டியவள் ஆமண்டா, ரிப்ளியின் மகள். ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ (1986) படத்தில், 57 ஆண்டுகள் உறைதூக்கத்தில் மிதந்து திரும்பும் ரிப்ளியிடம் ஒரு புகைப்படத்தைக் கொடுக்கிறார்கள். பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்த மகள், 66 வயதுக் கிழவியாக இறந்துபோயிருக்கிறாள். புகைப்படத்தில் இருப்பவர் வீவரின் சொந்தத் தாய். இரண்டு தலைமுறைப் பெண்களின் முகம் ஒரே சட்டகத்தில் இடம் மாறிக்கொள்ளும் இந்தக் காட்சியைத் திரையரங்குப் பிரதியிலிருந்து வெட்டிவிட்டார்கள். பிறகு வந்த நீண்ட வடிவத்தில்தான் அது திரும்பக் கிடைத்தது. ஆமண்டாவின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படம் இன்றுவரை இல்லை. 2014இல் ஒரு வீடியோ கேம் அவளுக்கு ஓர் உயிர் கொடுத்தது. 2024இல் வந்த ‘ஏலியன்: ரோமுலஸ்’ அந்த 57 ஆண்டுகளுக்கு உள்ளேயே நடக்கும் கதை, அதிலும் அவளுக்கு இடமில்லை.

இரண்டாமவள் நியூட். ‘ஏலியன்ஸ்’ படத்தில் மொத்தக் குடியேற்றமும் அழிந்தபின் தனியாகப் பிழைத்திருக்கும் சிறுமி. ரிப்ளி அவளை விட்டுப் போகமாட்டேன் என்று வாக்களிக்கிறாள். இந்த முறை வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறாள். இரத்த உறவு இல்லாத, தேர்ந்துகொண்ட தாய்மை. படம் முடியும்போது தாயும் மகளும் அருகருகே உறங்குகிறார்கள். அடுத்த படம் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

‘ஏலியன் 3’ (1992) தொடங்கும்போதே நியூட் பிணம். பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கலம் விழுந்து நொறுங்க, உறங்கும் பெட்டிக்குள்ளேயே சிறுமி மூழ்கி இறந்துவிடுகிறாள். சற்று நேரத்தில் பிரேதப் பரிசோதனை மேசையில் அவளைக் கிடத்துகிறார்கள். ரிப்ளி தலை மழிக்கப்பட்டு, ஆண்கள் மட்டுமே உள்ள சிறைக்கோளில், வன்புணர முயலும் கைதிகளுக்கு நடுவே நிற்கிறாள். வயிற்றில் அரக்கக் கரு. கடைசியில் உலையில் குதித்துத் தன்னை எரித்துக்கொள்கிறாள்.

இந்தப் படத்துக்கு முன்னால் கைவிடப்பட்ட வடிவங்களையும் பாருங்கள். 1987இல் வில்லியம் கிப்சன் எழுதிய திரைக்கதையில், வீவர் நடிப்பாரா என்பது உறுதியாகாததால், ரிப்ளி பெரும்பகுதி நினைவிழந்து கிடக்கிறாள்; கதையைச் சுமப்பவர்கள் ஹிக்ஸ் என்ற சிப்பாயும் பிஷப் என்ற ஆண் உருவ எந்திரமும். டேவிட் டூஹி எழுதிய சிறைக்கோள் கதையில் ரிப்ளியே கிடையாது. வின்சென்ட் வார்ட் கற்பனை செய்த மரக்கோளில் அவள் ஆண் துறவிகளின் மடத்துக்குள் வந்து விழுகிறாள். ஒருவர் அவளை மயக்கத்தில் வைத்தார், ஒருவர் நீக்கினார், ஒருவர் மடத்தில் தள்ளினார். மகளை வளர்க்கும் தாயாக அவளை விட்டுவைக்கலாம் என்பது மட்டும் இவற்றில் எதற்கும் மையமாகவில்லை.

ஹிக்ஸும்தானே அந்த விபத்தில் செத்தான் என்று ஒரு மறுப்பு வரும். செத்தான். ஆனால் 2013இல் வந்த ஒரு வீடியோ கேம், அந்தப் பிணம் வேறொருவனுடையது என்று சொல்லி ஹிக்ஸை உயிரோடு கொண்டுவந்தது. அதே விளையாட்டில் நியூட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. மனம் இருந்தால் செத்தவனுக்கும் வழி கிடைக்கிறது.

‘ஏலியன் ரிசரக்‌ஷன்’ (1997) ரிப்ளியை நகலெடுத்துத் திரும்பக் கொண்டுவந்தது. அவள் வயிற்றில் இருந்தது இராணுவத்துக்குத் தேவைப்பட்டது, அதற்காக. அந்தப் படம் ரிப்ளியின் நகலும் கால் என்ற பெண் எந்திரமும் பூமியை நெருங்கி வந்து பார்ப்பதோடு முடிகிறது. பூமியில் அந்த இருவர் என்ன செய்தார்கள்? அந்தப் படம் வரவில்லை. அதற்குப் பதிலாக 2004இல் இரண்டு அரக்க இனங்கள் அடித்துக்கொள்ளும் படம் வந்தது.

2012இல் ‘ப்ரொமிதியஸ்’. அதில் எலிசபெத் ஷா என்ற அறிவியலாளர். தன் வயிற்றில் வளரும் அந்நியக் கருவை அகற்ற அறுவைசிகிச்சை எந்திரத்தை நாடுகிறாள். அது ஆண் உடலுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது என்கிறது எந்திரம். வேறு பெயரில் ஆணையிட்டுத் தன்னைத் தானே அறுத்துக்கொண்டு பிழைக்கிறாள். கருக்கலைப்பு உரிமை பற்றி அந்த வரிசை பேசியதிலேயே துணிச்சலான காட்சி அது என்பேன். படத்தின் முடிவில், மனிதரைப் படைத்தவர்களைத் தேடி, ஏன் எங்களை அழிக்க நினைத்தீர்கள் என்று கேட்கக் கிளம்புகிறாள். ஒரு பெண் படைத்தவனிடமே போய்க் கேள்வி கேட்கும் படம்! அதுவும் எடுக்கப்படவில்லை. ‘ஏலியன்: கவனென்ட்’ (2017) வந்தபோது ஷா ஏற்கெனவே இறந்திருந்தாள். அவள் உடலை டேவிட் என்ற ஆண் எந்திரம் தன் சோதனைகளுக்குப் பயன்படுத்தியிருந்தது. அந்தப் படத்தின் நாயகி டேனியல்ஸ், தன்னை உறங்கவைப்பவன் யாரென்று புரிந்து அலறும்போதே பெட்டி மூடிக்கொள்கிறது. அவள் விழித்தாளா என்று சொல்லவும் ஒரு படம் இல்லை.

ஆமண்டா, நியூட், ஷா, டேனியல்ஸ். நால்வரில் மூவர் இரு படங்களுக்கு நடுவே, கேமரா அணைந்திருந்தபோது இறந்தார்கள். நான்காமவள் இன்னும் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறாள். அரக்கனோடு போராடி வெல்லும்வரை பெண்ணைக் காட்டத் திரைக்குத் தெரிந்திருக்கிறது. வென்றபின் அவள் வாழ்வதைக் காட்டத்தான் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கோபப்படுத்துவது 2015இல் நடந்தது. நீல் ப்ளோம்காம்ப் என்ற இயக்குநர், மூன்றாம் நான்காம் படங்களை ஒதுக்கிவிட்டு, ‘ஏலியன்ஸ்’ முடிந்த இடத்திலிருந்து ஒரு தொடர்ச்சியைத் திட்டமிட்டார். வீவர் ஆர்வத்தோடு உடன் நின்றார். வளர்ந்து பெண்ணாகிவிட்ட நியூட்டும் அந்தத் திட்டத்தில் உண்டு என்று ஹிக்ஸாக நடித்த மைக்கேல் பீன் பேட்டிகளில் சொன்னார். முதிய தாயும் வளர்ந்த மகளும்! அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஸ்காட்டின் ‘ப்ரொமிதியஸ்’ தொடர்ச்சிக்கு வழிவிடவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2017இல் அது நடக்கப்போவதில்லை என்று ஸ்காட்டே அறிவித்தார். ஷாவைப் பிணமாக்கிய படத்துக்காக நியூட் இரண்டாம் முறை சாகவேண்டியிருந்தது.

வீவரின் வயதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லப்போவதில்லை. அருகில் வேறு என்ன நடந்தது என்பதை மட்டும் வைக்கிறேன். அதே 2015இல், 67 வயது ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் மீண்டும் டெர்மினேட்டராக வந்தார். எந்திரத்துக்கு எப்படி வயதாகும்? அதன்மேல் போர்த்திய தோலுக்கு வயதாகும் என்று ஒரு விளக்கத்தைத் தயாரித்தார்கள். 2017இல், ‘பிளேடு ரன்னர்’ தொடர்ச்சியில் 75 வயது ஹாரிசன் ஃபோர்டு மகளைச் சந்திக்கும் தந்தையாக வந்தார். அதன் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் ரிட்லி ஸ்காட். ‘ரோமுலஸ்’ படத்திலோ, 2020இல் மறைந்த இயன் ஹோமின் முகத்தைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு கணினியால் உயிர்ப்பித்தார்கள். கிழட்டு எந்திரத்துக்கும் கிழத் தந்தைக்கும் இறந்த மனிதருக்கும் இடம் கிடைத்தது. உயிரோடு, உடல் தெம்போடு, நடிக்கத் தயாராக இருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

ரிப்ளி ஓய்வெடுக்கட்டுமே என்று வீவரே ஒருமுறை சொன்னதை எடுத்துக்காட்டுவார்கள். ஓய்வெடுக்கட்டும். ஆனால் அவளுக்குத் தரப்பட்டது ஓய்வா? உலையில் எரிந்தாள், சோதனைக்கூடத்தில் நகலெடுக்கப்பட்டாள். மகளோடு ஒரு சாதாரணக் காலைப்பொழுதுகூட அவளுக்கு எழுதப்படவில்லை.

யார் எழுதினார்கள் என்று கேட்காமல் இதை முடிக்க முடியாது. 1979 முதல் 2024 வரை, பிரடேட்டரோடு மோதும் இரண்டையும் சேர்த்து, ஒன்பது படங்கள். இவற்றில் ஒன்றைக்கூடப் பெண் இயக்கவில்லை. ஒன்றின் திரைக்கதையிலும் பெண் பெயர் இல்லை. ‘ஏலியன்ஸ்’ படத்தைத் தயாரித்தவர் கேல் ஆன் ஹர்ட் என்ற பெண். மகள்கள் முளைத்த படமும் அதுதான் என்பதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

தமிழ் படித்த நமக்குத் தொடர்ச்சி என்பது புதிய சரக்கு இல்லை. சிலப்பதிகாரத்தின் கதைத் தொடர்ச்சியாக வந்த மணிமேகலை, மாதவியின் மகளை நடுவில் நிறுத்தியது. அதை எழுதியவரும் ஆண்தான். அந்தப் பெண்ணின் ஆசையைத் துறவுக்குள் அடைத்த விதத்தோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. இருந்தும், முதல் கதையில் குழந்தையாக இருந்தவள் அடுத்த கதையில் வளர்ந்து, வாதாடி, ஊர் ஊராக நடந்தாள். முதல் பக்கத்தில் அவளைக் கொன்றுவிட்டு அடுத்த காப்பியத்தைத் தொடங்கவில்லை.

மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். இனி எந்தத் தொடர்ச்சிப் படம் அறிவிக்கப்பட்டாலும், பட்ஜெட்டையும் அரக்கனின் புதிய வடிவத்தையும் பற்றிய செய்திகளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். போன படத்தில் பிழைத்த பெண் எங்கே என்று கேளுங்கள். அவள் இறந்துவிட்டாள் என்றால், எப்போது, யார் கண்ணெதிரே என்று கேளுங்கள். எழுதுகிறவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். நியூட்டுக்கு முப்பது வயதாகட்டும். ரிப்ளிக்கு முழங்கால் வலிக்கட்டும். இருவரும் ஒருவர்மீது ஒருவர் எரிச்சல்படட்டும். அரக்கன் வேண்டுமானால் மூன்றாம் காட்சியில் வரட்டும். அதுவரை அவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும்.