ஊசியும் மின்சாரமும் ஒரு நாள் கூலியும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் பொருளாதாரம் குனிந்து உழைக்கும் முதுகுகளின் மீது நிற்கிறது. நாற்று நடுவதும், கரும்பு வெட்டுவதும், மணிலா பறிப்பதும் நிமிர்ந்து செய்யக்கூடிய வேலைகள் அல்ல. நடுத்தர வயதிலேயே இடுப்பு வலியும் மூட்டு வலியும் உழைப்பாளரைப் பற்றிக்கொள்கின்றன. மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையே பலருக்குத் தெரிந்த சிகிச்சை. அதைத் தொடர்ந்து உட்கொண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். எனவே, மருந்தின்றி வலி தீரும் என்ற விளம்பரங்கள் மக்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. அத்தகைய சிகிச்சைகளுள் ஒன்று மின் அக்குபங்சர்.

உடலில் செருகிய மெல்லிய ஊசிகளை இணைகளாகக் கம்பியில் பிணைத்து, சிறு கருவியின் மூலம் மிகக் குறைந்த அளவு மின்சாரம் செலுத்துவதே இம்முறை. மின் துடிப்பின் வேகத்துக்கேற்ப, உடல் தானாகவே சுரக்கும் வலிநிவாரண வேதிப்பொருள்களும் மாறுபடுகின்றன என்பதைச் சீன ஆய்வாளர் ஹான் ஜிஷெங் விலங்குச் சோதனைகள் வழியே விளக்கினார். நம் நாட்டுக்கு அக்குபங்சர் புதிதன்று. 1938-இல் டாக்டர் கோட்னிஸுடன் சீனா சென்ற மருத்துவக் குழுவில் இடம்பெற்ற டாக்டர் பிஜய் குமார் பாசு, 1959-இல் அதைக் கொல்கத்தாவில் அறிமுகப்படுத்தினார்.

பயனுக்குச் சான்று உண்டா? சில நோய்களுக்கு உண்டு. இருமும்போதும் பளு தூக்கும்போதும் சிறுநீர் கசிவது, பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் துன்பம். சீனாவின் 12 மருத்துவமனைகளில் இக்குறையுள்ள 504 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஆறு வாரங்களில் 18 முறை மின் அக்குபங்சர் பெற்றவர்களுக்குக் கசிவு சராசரியாக 9.9 கிராம் குறைந்தது. போலி ஊசிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 2.6 கிராம் மட்டுமே குறைந்தது. புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தணிப்பதிலும் அக்குபங்சருக்குப் பயனுண்டு என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 1997-இல் கூறியது. ஆனால், நீரிழிவையோ புற்றுநோயையோ இது குணப்படுத்தும் என்பதற்குச் சான்றில்லை. இதை நம்பி இன்சுலினை நிறுத்துவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் மின் அக்குபங்சர் ஆபத்தானது.

பொருளியலாளன் என்ற முறையில் இன்னொரு கணக்கையும் நான் பார்க்கிறேன். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழகத்துக்கு 2025-26-ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். 18 முறை சிகிச்சைக்கு 18 நாள் வேலையை இழந்தால் 6,048 ரூபாய் போய்விடும். சிகிச்சையே இலவசமானாலும், நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் இந்த இழப்பு நீங்காது. பலனில்லாத சிகிச்சை என்றால், ஏழைக்கு அது இரட்டை நட்டம்.

மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே சுட்டிக்காட்டினார். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது அரசின் கடமை. மேற்கு வங்கம் 1996-இலேயே அக்குபங்சருக்குத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரமும் சட்டம் இயற்றி, தனி மன்றம் அமைத்துள்ளது. மத்திய அரசு 2019-இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. யார் ஊசி போடலாம், எந்தத் தகுதியுடன் போடலாம் என்பதை முறைப்படுத்தும் சட்டம் தமிழகத்துக்கும் தேவை.

அதற்கு முன்பே செய்யக்கூடியதும் உண்டு. இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். அதற்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அத்தகைய பட்டதாரிகளைக் கொண்டு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் மாலை நேரப் பிரிவு நடத்தினால் கூலி இழப்பு குறையும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு, நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாள்களில் 12 முறை அக்குபங்சருக்குப் பணம் தருகிறது. முன்னேற்றம் தெரிந்தால் மேலும் 8 முறை. தெரியாவிட்டால் சிகிச்சை நிறுத்தப்பட வேண்டும். இந்த விதியை இங்கும் பின்பற்றலாம். ஊசிகள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தப்படுவதும், முதலில் நோயை மருத்துவர் கண்டறிவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

ஒரு சிகிச்சை முறையைக் கண்மூடிப் போற்றுவதும் கண்மூடித் தூற்றுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். எந்த நோய்க்கு, எத்தனை முறை, யார் கையால் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே, கரும்பு வெட்டும் கரங்கள் தம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்த ஊசியைத் தேடிச் செல்லும் நிலை வர வேண்டும்.